வீட்டைத் தவிர நாற்பத்திரண்டு வசதிகள்

ஒரு வீட்டை வாங்க வேண்டுமென்றால் அந்த வீடு நமக்குப் பிடித்தால் மட்டும் போதாது, அந்த வீட்டுக்கும் நம்மைப் பிடிக்க வேண்டும் என்ற விஷயம் ஹெப்சிபாவுக்கு நாற்பத்தொரு வயதுவரை தெரியாமலே இருந்தது. சிவகாசி அரசு ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாக நர்ஸ். புருஷன் சாலமன்ராஜ் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒரே மகள் பிரீத்திகா, வருகிற ஜூனில் பிளஸ் டூ. விஸ்வநத்தம் போகிற ரோட்டில், ஒரு அச்சாபீசை ஒட்டினாற்போல வாடகை வீட்டில் இருந்தார்கள். சீசன் வந்துவிட்டால் மிஷின் ராத்திரி பகல் ஓடும். சுவரில் சாய்ந்து படித்தால் எழுத்தெல்லாம் நடுங்கும். அந்த வீட்டையும் ஜூன் பிறப்பதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். காலண்டர் அடுக்க இடம் பத்தவில்லையாம்.

அந்த நேரத்தில்தான் சாத்தூர் ரோட்டில் அந்த போர்டு கண்ணில் பட்டது. 'மிஸ்டி லகூன் கவுண்டி: நாற்பத்திரண்டு வசதிகள், ஒரே வாழ்க்கை.' போர்டில் மூடுபனிக்கு நடுவே ஒரு ஏரி. ஏரியில் ரெண்டு வாத்து. அந்தப் பக்கத்துக் கரிசலில் மூடுபனியைக் கண்டவர்கள் யாரும் கிடையாது. வாத்தைக் கண்டவர்கள் இருக்கலாம், பிரியாணிக் கடையில்.

போய்ப் பார்த்தார்கள். வாசலில் கோட்டும் சூட்டுமாக நின்றவர் தருண்குமார். அவருடைய உத்தியோகம் 'ஹேப்பினஸ் டைரக்டர்'. மே மாத வெயிலில் கோட்டுக்குள்ளே வியர்த்து ஊற்ற ஊற்ற, முகத்தில் சிரிப்பு மட்டும் நனையாமல் இருந்தது. நீச்சல் குளம், ஸ்பா, மழை நடனத் தளம், பாதத்துக்குக் கூழாங்கல் பாதை, நாய்ப் பூங்கா, வானம் பார்க்கும் மேடை என்று மூன்று மணி நேரம் சுற்றிக் காட்டினார்.

"சார், சமையல்கட்டு எங்கன இருக்கு?" என்று நான்கு தடவை கேட்டுவிட்டாள் ஹெப்சிபா.

"வீட்டுக்கு வருவோம் மேடம். வீடு ஸ்டாண்டர்டுதான். வீட்டுக்காக யாரும் இங்க வர்றதில்ல."

கடைசியில் ஐந்து நிமிஷம் வீட்டையும் காட்டினார். மூன்று அறை. கிழக்கே ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள் போய் பிரீத்திகா அசையாமல் நின்றாள். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "அம்மா, இங்கன ஒரு சத்தமும் இல்லம்மா" என்றாள். ஏதோ கோயிலுக்குள் நிற்கிறவள் மாதிரி மெதுவாகத்தான் சொன்னாள். ஹெப்சிபாவின் மனசு அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது.

"எப்ப பதிவு வச்சுக்கலாம் சார்?"

தருண்குமாரின் சிரிப்பு இன்னும் ஒரு விரற்கடை அகன்றது. "பதிவுக்கு முன்னாடி அனுபவ வாசம்னு ஒண்ணு இருக்கு மேடம். மாதிரி வீட்டுல ஏழு நாள் குடும்பத்தோட தங்கணும். நீங்க எங்க வாழ்க்கைமுறைக்குப் பொருந்துவீங்களான்னு தகுதிக்குழு பார்க்கும். வசதிகளைப் பயன்படுத்தாத குடும்பம் இருந்தா எங்க சமூகத்தோட துடிப்பு குறைஞ்சிரும்."

"துடிப்பு எம்புட்டு இருக்கணும்?" என்று கேட்டாள் ஹெப்சிபா. நாடி பார்த்துப் பழகியவள்.

நாற்பத்திரண்டில் முப்பது. ஒவ்வொரு வசதியின் வாசலிலும் ஒரு மிஷின் இருக்கும். குடும்பத்தோடு போய்க் கட்டைவிரலை வைத்தால் ஒரு புள்ளி. தப்புச் செய்தால் புள்ளி குறையும்.

ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, மே மாதம் இரண்டாவது திங்கட்கிழமை மூன்று பேரும் மாதிரி வீட்டில் குடியேறினார்கள்.

மறுநாள் காலை ஐந்தரைக்குச் சிரிப்பு மன்றம். அறுபது பேர் வட்டமாக நின்று, பயிற்சியாளர் எண்ண எண்ணச் சிரிக்க வேண்டும். சாலமன்ராஜுக்குச் சிரிப்பு கொஞ்சம் பிந்தித்தான் வரும். எல்லாரும் முடித்த பிறகு அவர் சிரித்தார். "சார், நாலுல ஆரம்பிக்கணும். ஏழுல நீங்க சிரிச்சா அது கேலி" என்றார் பயிற்சியாளர். ஒரு புள்ளி குறைந்தது.

நாய்ப் பூங்காவுக்குப் போனார்கள். இவர்களிடம் நாய் இல்லை. அதற்கும் ஏற்பாடு இருந்தது. அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டால் நாய் தருவார்கள். அன்றைக்கு ஏழாவது குடும்பத்தோடு நடந்துகொண்டிருந்த அந்த நாய், இவர்களைப் பார்த்ததும் நடுப்பாதையில் படுத்துக்கொண்டது. சாலமன்ராஜ் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று வந்து விரலை வைத்தார்.

மூத்தோர் முற்றத்துக்குப் போனபோதுதான் சிக்கல். அங்கே அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவரோடுதான் நுழைய முடியும்.

"எங்க ரெண்டு பக்கமும் பெரியவுக யாரும் உயிரோட இல்லையே சார்" என்றாள் ஹெப்சிபா.

தருண்குமார் உண்மையாகவே வருத்தப்பட்டார். "நாய் இல்லாதவங்களுக்கு நாய் வச்சிருக்கோம் மேடம். பெரியவங்க இல்லாதவங்களுக்கு இன்னும் ஏற்பாடு பண்ணல. அடுத்த கட்டத்துல வரும்."

மூன்றாம் நாள் ஹெப்சிபா பால்கனியில் துணி காயப்போட்டாள். இரண்டு புள்ளி போயிற்று. நாலாம் நாள் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். கால் மணி நேரத்தில் 'நறுமணக் குழு' என்று அட்டை தொங்கவிட்ட இரண்டு பெண்கள் வந்து அடுப்படியை முகர்ந்துவிட்டு, லாவண்டர் மெழுகுவர்த்தி ஒன்றைக் கொடுத்துப் போனார்கள். அன்றைக்குச் சாயங்காலம் சாலமன்ராஜ் மரத்தடி பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தார். காவலாளி ஓடி வந்தான்.

"சார், என்ன செய்றீக?"

"சும்மா உக்காந்திருக்கேன்."

"சும்மா உக்கார்றது அஞ்சரையில இருந்து ஆறு மணி வரைக்கும்தான் சார். அதுக்குப் பேரு மனநிறைவு அமர்வு. இப்ப மணி ஆறே கால். இப்ப உக்காந்தா வெட்டியா சுத்துறதுல வரும்."

"சுத்தவே இல்லையேப்பா."

"அதான் சார், எழுந்திரிச்சுச் சுத்துங்க. நடைப்பயிற்சில சேத்துருதேன்."

கணக்கு வாத்தியாருக்கு வெறி பிடித்துவிட்டது. சாப்பிடும்போதும் தாளை வைத்துக்கொண்டு திட்டம் போட்டார். "ஹெப்சி, ஸ்டீம் பாத்தையும் வில்வித்தையையும் ஒரே காலையில முடிச்சிரலாம். மழை நடனம் மட்டும் பாக்கி நிக்குது." மழை நடனத் தளத்தில் மேலேயிருந்து குழாய் வழியே மழை பெய்யும், கீழே குடும்பம் குடும்பமாக ஆட வேண்டும். வீட்டுக் குழாயில் காலையில் இருபது நிமிஷமும் சாயங்காலம் இருபது நிமிஷமும்தான் தண்ணீர் வந்தது. ஹெப்சிபா ஆடிக்கொண்டே ஒரு குடத்தை நிரப்பிக்கொண்டாள். அதற்கும் ஒரு புள்ளி போயிற்று.

வீடு தேடி வந்ததே யாருக்காகவோ அந்தப் பெண் ஐந்து நாளாக இயற்பியல் புத்தகத்தைத் திறக்கவில்லை. தன் அறையில் படித்தால் புள்ளி கிடையாது. 'அறிவுக் கூடு' என்று ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறது, அங்கேதான் படிக்க வேண்டும். வீடு பார்க்க வருகிறவர்களைத் தருண்குமார் அந்தப் பக்கம் கூட்டி வருவார். "இது எங்க அறிவு சார்ந்த வசதி" என்பார். வந்தவர்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்து பிரீத்திகாவைப் பார்ப்பார்கள். ஒரு அம்மாள் தட்டிக்கூடப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டு யோகலட்சுமி வேறொரு அச்சாபீஸ் முதலாளியின் மனைவி. இரண்டு வருஷமாக அங்கே குடியிருப்பவள். முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு ஸும்பா வகுப்புக்கு நொண்டி நொண்டிப் போய்க்கொண்டிருந்தவளை ஹெப்சிபாதான் நிறுத்தினாள்.

"என்ன யோகம், முட்டி இப்படி வீங்கியிருக்கு? ரெண்டு வாரம் வீட்டுலயே காலை நீட்டி உக்காந்திருக்கணும்."

யோகலட்சுமி சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள். "வீட்டுலயா? குடியேறியவுகளுக்கு மட்டும் புள்ளி கிடையாதுன்னு நெனச்சீகளாக்கா? வாசல்ல பேர்ப்பலகை இருக்குல்ல, அது பச்சையா எரியணும். ஒரு வாரம் வகுப்புக்குப் போகலேன்னா செவப்பா மாறிரும். எம் மாமியா வந்து பாத்தா என்ன நெனப்பாக? எங்க வீட்டு சோபா மேல போட்ட பாலிதீன் உறையவே இன்னும் கழத்தலக்கா. உக்கார நேரம் எங்க இருக்கு?"

சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே ஓடினாள். தூரத்தில் பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி இருக்கும். இருபத்தெட்டுப் புள்ளியோடு மூன்று பேரும் கூழாங்கல் பாதைக்குப் போனார்கள். சூடேறிய கல்லில் செருப்பில்லாமல் நடக்க வேண்டும். பாதையின் ஓரத்தில் ஒரு பெண் புல்லுக்குள் முகம் குப்புறக் கிடந்தாள். கருப்பம்மாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். காலை ஆறு மணியிலிருந்து புல்வெளியில் களை எடுக்கிறவள். தோட்ட வேலைக்காரர்கள் குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் பின்வாசலுக்கு வெளியே அரை மைல் நடக்க வேண்டும். உள்ளே இருக்கிற குழாய்களெல்லாம் வசதிகள்.

ஹெப்சிபா தொட்டுப் பார்த்தாள். உடம்பு அடுப்புக் கல்லாகக் கொதித்தது. ஒரு பொட்டு வியர்வை இல்லை. "எலே, ஆட்டைக் கட்டுலே" என்று யாரையோ பார்த்துப் பிதற்றினாள் கருப்பம்மாள்.

"என்னங்க, நூத்தெட்டுக்குப் போன் போடுங்க. வெயில் தாக்கிருச்சு. உடனே சூடு எறங்கலேன்னா பொழைக்க மாட்டா. பிரீத்தி, ஜூஸ் கடையில இருக்குற ஐஸ் அம்புட்டையும் அள்ளிட்டு வா!"

வீட்டுக் குழாயில் தண்ணீர் வர இன்னும் நாலு மணி நேரம். முப்பதடி தூரத்தில் நீச்சல் குளம் நீலமாக, நிறைந்து, ஆளில்லாமல் கிடந்தது. போன் பேசி முடித்த புருஷனும் அவளுமாகக் கருப்பம்மாளைத் தூக்கினார்கள்.

தருண்குமார் எங்கிருந்தோ ஓடி வந்து குறுக்கே நின்றார். "மேடம், இவங்க நீச்சலுடை போடல!"

"வழிய விடுங்க சார்."

"குளிக்கிறதுக்கு முன்னாடி ஷவர்ல ஒரு தடவை குளிக்கணும் மேடம். தொப்பி போடணும். இவங்களுக்குக் கைரேகையே சிஸ்டத்துல இல்ல!"

ஹெப்சிபா நைட்டியோடு ஆழமில்லாத பக்கம் இறங்கினாள். கருப்பம்மாளைக் கழுத்துவரை தண்ணீரில் கிடத்தி, தலையைத் தன் கையில் தாங்கிக்கொண்டாள். பிரீத்திகா கொண்டுவந்த ஐஸைத் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தாள். குளத்தைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆளாளுக்குப் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். ஒருவர் மட்டும் உதவ முன்வந்தார். பின்னால் இருக்கிறவர்களுக்கு மறைக்கிறது என்று சாலமன்ராஜைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

ஆம்புலன்ஸ் வந்து கேட்டில் நின்றது. உள்ளே விடவில்லை. குடியிருப்பவர் யாராவது போனில் அனுமதி கொடுத்தால்தான் ஓடிபி வரும். அனுபவ வாசத்தில் இருப்பவர்களுக்கு அந்த உரிமை கிடையாது. யோகலட்சுமிதான் நொண்டிக்கொண்டே முன்னால் வந்து தன் போனை எடுத்தாள். வருகிறவர் யார் என்று அது கேட்டது. விருந்தினர், டெலிவரி, பிளம்பர் என்று மூன்றுதான் இருந்தன.

"பிளம்பர்னே போடுறேன்" என்று அமுக்கினாள். கதவு திறந்தது.

சைரன் சத்தம் அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டதாக ஆம்புலன்ஸ் டிரைவரிடம் ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். ஸ்டிரெச்சரில் ஏற்றும்போது கருப்பம்மாள் கண்ணைத் திறந்து, "ஆத்தி, சேலையெல்லாம் ஈரம்" என்றாள். ஹெப்சிபா அப்போதுதான் தன் நைட்டியைப் பிழிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை திறந்தவெளி அரங்கில் தகுதிக்குழு கூடியது. தலைவர் ராஜபாண்டியன் பட்டாசுக் கம்பெனி முதலாளி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை. மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"அன்பான லகூன் குடும்பத்தாரே! முப்பது வருஷமா நான் பட்டாசு போடுறவன். தீபாவளிக்கு நாடு பூரா கேக்குற சத்தத்துல என் பங்கும் உண்டு. சத்தம் செய்றவனுக்குத்தான் அமைதியோட அருமை தெரியும். அதனாலதான் இங்கன ஒரு ஊசிவெடி கூட வெடிக்கப்படாதுன்னு சட்டம் போட்டேன். சத்தத்த நாட்டுக்குக் குடுத்துட்டேன். அமைதிய மட்டும் நமக்குன்னு எடுத்து வச்சேன். இதுல என்ன தப்பு?"

கைதட்டினால் சத்தம் வரும் என்பதால் எல்லோரும் கைகளை மேலே தூக்கி ஆட்டினார்கள். வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர்கள் ஹெலிகாப்டரைப் பார்த்தது போல இருந்தது.

"தொழிலாளிக மேல எனக்கு உள்ள பிரியம் ஊருக்கே தெரியும். என் கம்பெனியில எழுநூறு பேரு. ஒவ்வொருத்தருக்கும் வருஷா வருஷம் ஸ்வீட் பாக்ஸ் குடுக்கேன். அதுக்காக அவுககூட ஒரே தண்ணியில முங்க முடியுமா? பிரியம் வேற, குளத்துத் தண்ணி பில்டர் வேற! நேத்து ராத்திரியே குளத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டேன். அந்தம்மா உயிர் பொழச்சதுல எனக்கு மனப்பூர்வமான சந்தோசம். ஆனா உயிர்ங்கிறது தனிப்பட்ட விசயம். குளம் பொதுச் சொத்து. அந்தம்மாவ வேலைய விட்டு நிப்பாட்டியாச்சு. உறுப்பினர் ஆகாம வசதியப் பயன்படுத்துனா வேற என்ன செய்ய முடியும்? இந்த நர்ஸ் குடும்பத்தைப் பொறுத்தமட்டுல, குழு ஒருமனதா எடுத்த முடிவு என்னன்னா, இவுகளை உடனடியா..."

அந்த நேரம் தருண்குமார் மேடையேறி அவர் முகத்துக்கு நேரே போனை நீட்டினார். தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். குளத்துக்குள் ஹெப்சிபா நிற்கும் வீடியோவை யாரோ போட்டுவிட்டார்களாம். ஆறு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். 'இப்படிப்பட்ட மனிதநேயமுள்ள குடியிருப்பு எங்கே இருக்கிறது?' என்று கேட்டு மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் காலையிலிருந்து போன் வந்துகொண்டிருக்கிறது. பதினோரு வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது.

ராஜபாண்டியன் தண்ணீர் குடித்தார். மீசையைத் துடைத்தார். வாக்கியத்தை விட்ட இடத்திலிருந்தே எடுத்தார்.

"...உடனடியா நம்ம குடும்பத்துல ஒருத்தரா வரவேற்கிறோம்! மனிதநேயங்கிறது நம்ம லகூனோட உயிர்மூச்சு. உயிரைக் காப்பாத்தத்தானே குளம் கட்டுனோம்?"

அறுபது ஜோடிக் கைகள் மறுபடி மேலே எழுந்து ஆடின. ஒரு கையும் தயங்கவில்லை.

"சிஸ்டர், புள்ளியெல்லாம் கெடக்கட்டும். கெழக்க பாத்த மூலை வீடு உங்களுக்கு. இனிமே உங்க பேருல புது வசதி ஒண்ணு தொடங்குறோம். 'இல்லத்திலேயே நர்ஸ்.' யாருக்குத் தலைவலின்னாலும் உங்க கதவத் தட்டலாம். நீங்க எங்கயும் அலைய வேண்டாம், வெள்ளை உடுப்புப் போட்டுக்கிட்டு வீட்டுலயே இருந்தாப் போதும்."

ஹெப்சிபா எழுந்தாள். கிழக்கு பார்த்த அந்த அறை கண்ணுக்குள் வந்தது. ஜூனுக்கு இன்னும் பதினைந்து நாள்தான். அதனால் கொஞ்சம் தணிந்தே கேட்டாள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? தோட்டத்துல வேலை செய்றவுகளுக்கு உள்ளயே ஒரு தண்ணிக் குழாய் வச்சுத் தர முடியுமா? கருப்பம்மாளுக்குத் திரும்ப வேலையும் குடுக்கணும்."

ராஜபாண்டியன் தருண்குமாரைப் பார்த்தார். தருண்குமார் டேப்லெட்டைப் பார்த்தார். "குழாய் வச்சா அது வசதிக் கணக்குல வரும் மேடம். அப்புறம் அதை எல்லா குடும்பமும் விரல் வச்சுப் பயன்படுத்தணும். தோட்டக்காரங்க குழாயில குடியிருக்கிறவங்க எப்படி மேடம்..."

"அந்தம்மா விசயம் முடிஞ்சுபோச்சு சிஸ்டர்" என்றார் தலைவர். "வீடியோவுல அவுக முகம் தெளிவா விழுகல. யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அத ஏன் கெளப்பிக்கிட்டு?"

ஹெப்சிபா மகளைப் பார்த்தாள். பிரீத்திகா ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள்.

"போவோம்மா. அந்த ரூமுல நான் ஒரு பக்கம் கூடப் படிக்கல."

"வீடு பாக்கத்தான் சார் வந்தோம்" என்றாள் ஹெப்சிபா. "ஏழு நாளாச்சு. இன்னும் கண்ணுல படல. வாரோம்."

சாலமன்ராஜ் புள்ளித் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தார். இருபத்தெட்டு வரை வந்தது அவருக்குக் கடைசிவரை ஆற்றாமைதான். வெளியே போகவும் ஓடிபி கேட்டான் காவலாளி. அதையும் யோகலட்சுமியே கொடுத்தாள். இந்தத் தடவை விருந்தினர் என்று போட்டாள்.

சாத்தூரில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு பழைய வீட்டை வாங்கினார்கள். இரண்டே அறை. ரயில் போனால் பாத்திரமெல்லாம் பேசும். பிரீத்திகா அந்த ஒரு நிமிஷம் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, ரயில் போனதும் குனிந்துகொள்வாள். சாலமன்ராஜ் சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். முதல் வாரத்தில் ஆறு மணியானதும் அவராகவே எழுந்துவிடுவார். பிறகு சரியாகிவிட்டது.

ஆகஸ்டில் ஒருநாள் கருப்பம்மாள் பிரஷர் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தாள். எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் சுருட்டப் போகிறாளாம். அங்கே பானையில் தண்ணீர் வைத்திருக்கிறார்களாம். அதை ஒரு பெருமை போலச் சொன்னாள். மேசை மேல் ஒரு பளபளப்பான தாள் கிடந்தது. காலையில் கோட்டுப் போட்ட இரண்டு பேர் வந்து ஓபியில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டுப் போனது. மிஸ்டி லகூனின் புதிய விளம்பரம். 'எங்கள் நர்ஸின் நேரடிக் கவனிப்பில் நீர் சிகிச்சை' என்று எழுதியிருந்தது. படத்தில் ஹெப்சிபா தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தாள். முகத்துக்குச் சிரிப்பு வைத்திருந்தார்கள். நைட்டியை வெள்ளை உடுப்பாக்கியிருந்தார்கள். அவள் கையில் தலை சாய்த்து, பொன்னிறத் தலைமுடியோடு ஒரு வெள்ளைக்காரி கண்மூடிச் சுகமாக மிதந்துகொண்டிருந்தாள்.

கருப்பம்மாள் தாளைக் கையில் எடுத்தாள். "இது நீங்கதானம்மா? இந்தப் பொம்பள யாரு?"

"நீங்கதான்" என்றாள் ஹெப்சிபா.

கருப்பம்மாள் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தாள். தன் முழங்கையைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"அடியாத்தி! ஒரு தடவ முங்குனதுக்கே இம்புட்டு வெளுத்துட்டேனா!"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி ஹெப்சிபா சிரித்தாள். எண்ணிக்கை எதுவும் இல்லாத சிரிப்பு. நிற்கவே மாட்டேன் என்றது. அன்றைக்கு ஓபியில் கரண்ட் வேறு இல்லை. கருப்பம்மாள் அந்தத் தாளை இரண்டாக மடித்து, விசிறிக்கொண்டே மாத்திரை வாங்கப் போனாள்.